நிரப்பப்பட்ட மாதங்கள்: சார்லஸ் கீலிங்கின் தன்வரலாற்றுக் கட்டுரையை வகுப்பறையில் வாசித்தல்

அட்டவணையைப் படித்துக் கருத்து எழுதும் பயிற்சிக்காக, படிவம் ஐந்து மாணவர்களிடம் ஒருநாள் ஒரு தாளைக் கொடுத்தேன். ஹவாய்த் தீவில், மவுனா லோவா எரிமலைச் சரிவில், ஏறக்குறைய 3,400 மீட்டர் உயரத்தில் 1958 முதல் அளக்கப்பட்டு வரும் கரிவளியின் மாதக் கணக்கு அது. முதல் பத்தியில் ஆண்டு, அடுத்ததில் மாதம், அதற்கடுத்து அளவு. எண்கள் ஆண்டுதோறும் ஏறுகின்றன. அதை எழுதிவிட்டால் பயிற்சி முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி 1964இல் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள்: "டீச்சர், இங்க கழித்தல் 99.99னு போட்டிருக்கே. காத்துல கழித்தல் எப்படி வரும்?"

பிப்ரவரி, மார்ச், ஏப்ரல். மூன்று மாதத்துக்கும் அதே எண். 'அளவு இல்லை' என்பதற்கான குறி அது என்று விளக்கினேன். அவள் விடவில்லை. "ஏன் இல்ல?"

அந்த 'ஏன்' அட்டவணையில் இல்லை. 1958 ஜூன், அக்டோபர் மாதங்களுக்கும் இதே குறிதான் போட்டிருக்கிறார்கள். அந்த ஆண்டு மலைமேல் மின்சாரம் நின்று நின்று வந்தது. 1964இல் நின்றது மின்சாரமல்ல, பணம். இரண்டுக்கும் ஒரே குறி. காரணத்தை அறிய வேண்டுமானால் எண்களைவிட்டு உரைநடைக்கு வரவேண்டும். இந்தக் கட்டுரை அந்த உரைநடையைப் பற்றியது.

அளவீட்டைத் தொடங்கிய சார்லஸ் டேவிட் கீலிங், தம் 70ஆம் வயதில், 1998இல், ஓர் ஆய்வு ஆண்டிதழுக்காகத் தன்வரலாற்றுக் கட்டுரை ஒன்றை எழுதினார். தலைப்பைத் தமிழில் சொன்னால் 'பூமியைக் கண்காணிப்பதன் பரிசுகளும் தண்டனைகளும்'. ஐம்பதுக்கும் மேற்பட்ட பக்கங்கள். தலைப்பிலேயே பரிசுக்குச் சமமாகத் தண்டனையையும் வைத்துவிட்டார், கவனித்தீர்களா? நம் வகுப்பறையில் எழுதப்படும் அறிவியலாளர் வரலாறுகளில் இந்த இரண்டாவது சொல்லுக்கு இடமே இருப்பதில்லை.

நாம் கற்பிக்கும் வார்ப்பு உங்களுக்குத் தெரியும். எளிய குடும்பம், இளமையில் ஆர்வம், இடையில் தடைகள், விடாமுயற்சி, உலகப் புகழ், இறுதியில் ஒரு பழமொழி. நானும் இதைத்தான் கற்பித்தேன், மதிப்பெண்ணும் வந்தது. அந்த வார்ப்பில் 'தடை' என்பது ஒரு சொல் மட்டுமே. யார் போட்ட தடை, எந்த அலுவலகத்தில், எந்தக் காரணம் சொல்லி, எத்தனை ஆண்டுக்கு என்று கேட்பதில்லை. கீலிங்கின் கட்டுரையில் பெரும்பகுதி இந்தக் கேள்விகளுக்கான பதில்தான். அதனாலேயே முதல் வாசிப்பில் அது கொஞ்சம் சலிப்பூட்டும். கருவிகள், கடிதங்கள், குழுக்கூட்டங்கள், நிதி விண்ணப்பங்கள் என்று போகும். முப்பதாம் பக்கம் வாக்கில் நானே "இதெல்லாம் எதுக்கு?" என்று மூடி வைத்தேன். மறுபடி எடுத்தபோதுதான் புரிந்தது, ஓர் இளம் ஆய்வாளரின் நாள் இப்படித்தான் கழிகிறது, கட்டுரை அதை மறைக்கவில்லை என்று.

தொடக்கப் பகுதியை மாணவர்கள் விரும்புவார்கள். கீலிங் பல்கலைக்கழகத்தில் வேதியியலை முதன்மைப் பாடமாக எடுத்தவர், அதனுடன் கட்டாயமாகப் படிக்கவேண்டிய பொருளியல் பாடத்தைத் தவிர்ப்பதற்காகவே துறையை மாற்றிக்கொண்டார். பொருளியலுக்குப் பயந்து ஓடிய இளைஞர் பிறகு நாற்பது ஆண்டுக்கும் மேலாக வரவு செலவுக் கணக்கோடு மல்லுக்கட்டினார். நாவலாசிரியர் யாராவது இப்படி எழுதியிருந்தால் 'ரொம்பத்தான் பொருத்தம் பார்த்திருக்கிறார்' என்று சொல்லியிருப்போம்.

முனைவர் பட்டம் முடித்தபோது அவருக்கு நல்ல சம்பளத்தில் வேதித்தொழில் வேலைகள் காத்திருந்தன. மலையேற்றத்திலும் நிலவியலிலும் மனம் போய்விட்டதால், அமெரிக்காவின் மேற்குப்பகுதியிலுள்ள நிலவியல் துறைகளுக்குக் கடிதம் எழுதினார். கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஹாரிசன் பிரவுன் அவரைச் சேர்த்துக்கொண்டார். அங்கே, 1916இல் வெளிவந்த ஒரு பழைய கட்டுரையைத் தேடிப்பிடித்து, அதைப் பார்த்து வாயுவை அளக்கும் கண்ணாடிக் கருவி ஒன்றைத் தாமே செய்தார். 1955இல் பிக் சர் என்னும் கடலோரக் காட்டுப் பூங்காவுக்குப் போய், இரவு பகலாகச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை, உறக்கப்பையிலிருந்து எழுந்து எழுந்து, ஐந்து லிட்டர் கண்ணாடிக் குடுவைகளில் காற்றைப் பிடித்தார்.

ஏன் அப்படிச் செய்தார்? ஆய்வின் நோக்கம் ஆற்றுநீரில் கரைந்திருக்கும் கரிமம்தான். காற்றை அத்தனை முறை அளக்கவேண்டிய கட்டாயம் இல்லை. உலக நன்மைக்காக என்று அவர் சொல்வதில்லை. வெளியில் இருப்பதும் கருவியோடு விளையாடுவதும் பிடித்திருந்தது என்கிற தொனியில்தான் எழுதுகிறார். மாணவர்களே, இந்த இடத்தில் நீங்கள் நின்று யோசிக்கவேண்டும். 'நான் ஒரு விஞ்ஞானி ஆனால்' என்று கட்டுரை எழுதும்போது உங்களில் பெரும்பாலோர் முதல் பத்தியிலேயே நாட்டுக்குச் சேவை செய்யத் தொடங்கிவிடுகிறீர்கள். இவரோ ராத்திரி எழுந்து காற்றுப் பிடிக்கப் போனார். அந்தக் குடுவைகளிலிருந்துதான் ஒரு பெரிய உண்மை வந்தது: பிற்பகலில், காற்று நன்றாகக் கலந்திருக்கும் நேரத்தில், எங்கே பிடித்தாலும் கரிவளியின் அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது, ஒரு மில்லியனில் சுமார் 310 பங்கு. அதுவரை வெளிவந்த பல அளவுகள் இடத்துக்கு இடம் மாறித் தாறுமாறாக இருந்தன. உலகம் முழுவதற்கும் பொதுவான ஓர் அடிப்படை அளவு இருக்கலாம் என்ற எண்ணம் அங்கே பிறந்தது.

1956இல் அவருக்கு இரண்டு கதவுகள் திறந்தன. அமெரிக்க வானிலைப் பணியகத்தின் ஹாரி வெக்ஸ்லர் வாஷிங்டனில் வேலை தர முன்வந்தார். காட்டப்பட்ட இடம் மங்கிய வெளிச்சமுள்ள ஒரு நிலவறை. கலிபோர்னியாவின் லா ஹோயாவிலுள்ள ஸ்கிரிப்ஸ் கடலியல் ஆய்வுக்கழகத்தின் இயக்குநர் ரோஜர் ரெவெல் அழைத்த இடத்தில் வெயிலும் கடற்காற்றும். அவர் கடற்கரையைத் தேர்ந்தெடுத்தார். இரண்டு இடங்களையும் அருகருகே வைத்து அவர் காட்டும் பகுதி கட்டுரையிலேயே கலைநயம் மிக்கது. வாழ்க்கைத் தீர்மானங்கள் கொள்கையால் மட்டும் எடுக்கப்படுவதில்லை என்பதை விளக்கமே இல்லாமல் காட்டிவிடுகிறார். அப்போது அவருக்கு வயது 28.

'கடலியல் கழகத்துல ஏன் காத்தை அளக்கணும்?' என்று கேட்பீர்கள். நாம் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் வெளியிடும் கரிவளியில் ஒரு பகுதியைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. கடல் எல்லாவற்றையும் எளிதில் விழுங்கிவிடும் என்றுதான் வெகுகாலம் பலர் நம்பியிருந்தார்கள். ரெவெலும் ஹான்ஸ் சூஸும் 1957இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்தது. கடல்நீரின் வேதியியல் அத்தனை வேகமாக விழுங்கவிடாது. அப்படியானால் மிச்சம் காற்றில்தான் தங்கவேண்டும். தங்குகிறதா? கடலின் கணக்கை முடிக்கக் காற்றின் கணக்கு தேவைப்பட்டது. ஆகவே கீலிங் காற்றை அளந்ததும் கடலாய்வுதான்.

இங்கே இருவரிடையே ஒரு வேறுபாடு இருந்ததைக் கட்டுரை மரியாதையோடு பதிவுசெய்கிறது. கப்பல், விமானம் என்று பல இடங்களில் ஒருமுறை அளந்து, பல ஆண்டுகள் கழித்து மறுபடி அளந்து ஒப்பிடலாம் என்பது ரெவெலின் நாட்டம். ஓரிடத்தில் நின்று, விடாமல், மிகத் துல்லியமாக அளக்கவேண்டும் என்பது கீலிங்கின் பிடிவாதம். அனைத்துலகப் புவியியற்பியல் ஆண்டு 1957 ஜூலையில் தொடங்கியதால் கையில் பணம் இருந்தது. விலையுயர்ந்த அகச்சிவப்புக் கருவிகள் வாங்கப்பட்டன. 1958 மார்ச் மாதம் மவுனா லோவாவில் எடுத்த முதல் அளவு 313. அன்று கீலிங் அந்த மலையில் இல்லை. இதை மாணவர்களிடம் சொன்னபோது பலர் ஏமாந்துபோனார்கள். கொடி நாட்டுவதுபோல் அவர் அங்கே நின்றிருக்கவேண்டும் என்று எதிர்பார்த்தார்கள் போலும்.

அடுத்து வரும் மாதங்களைப் பற்றி அவர் எழுதியிருப்பதை இரண்டுமுறை வாசியுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் அளவு ஏறியது. மின்தடை. கருவி மறுபடி இயங்கியபோது அளவு இறங்கியிருந்தது. இறங்கிக்கொண்டே போனது. மறுபடி தடை. பிறகு பார்த்தால் ஏறுகிறது. எல்லாம் ஒழுங்கற்றுப் போய்விட்டது, இந்த முயற்சியே வீண் என்று அவர் அஞ்சியிருக்கிறார். அந்த அச்சத்தை நாற்பது ஆண்டு கழித்து எழுதும்போதும் மழுப்பவில்லை. இரண்டாம் ஆண்டிலும் அதே ஏற்ற இறக்கம் வந்தபோதுதான் தெரிந்தது, அது பிழையல்ல, ஒழுங்கு என்று. வட அரைக்கோளத்தின் தாவரங்கள் வசந்தத்தில் தளிர்விட்டுக் கோடை முழுதும் கரிவளியை இழுக்கின்றன, இலையுதிர்க்காலம் தொடங்கி வெளிவிடுகின்றன. மேயில் உச்சம், இலையுதிர்க்காலத்தில் தாழ்வு. பூமி மூச்சு விடுவதை முதன்முதலில் எண்ணாகப் பார்த்தவர், அதைப் பழுதடைந்த கருவி என்றல்லவா முதலில் சந்தேகித்தார்! அந்தப் பருவச் சுழற்சியையும் அதற்கு மேலே தெரியும் ஆண்டு ஏற்றத்தையும் 1960இல் வெளியிட்டார்.

புகழ் வந்தது என்று எழுதத்தான் கை போகிறது. வந்தது நிதிக்குறைப்பு. அமெரிக்க நாடாளுமன்றம் அரசு அமைப்புகளின் செலவைக் குறைத்ததில் வானிலைப் பணியகத்தின் ஒதுக்கீடு சுருங்கியது. மலைமேல் கருவியைப் பார்த்துக்கொள்ள ஆள் போதவில்லை. 1964இன் தொடக்கத்தில் அளவீடு நின்றது. கீலிங்குக்கு அப்போது 35 வயது. தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பணத்தோடு மே மாதத்தில் எண்கள் திரும்பி வருகின்றன. ஆனால் அதே அறக்கட்டளையே இன்னொரு சமயம் இந்த வேலையை 'வழக்கமான கண்காணிப்பு' என்று பெயரிட்டுக் கையைக் கழுவப் பார்த்தது. எழுபதுகளில் இந்தப் போராட்டம் தொடர்ந்தது. அவருடைய எண்கள் அரசு அறிக்கைகளில் எச்சரிக்கையாகப் பயன்பட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே, அந்த எண்களை எடுப்பது ஆராய்ச்சியா இல்லையா என்று அவர் வாதாடவேண்டியிருந்தது.

'வழக்கமான' என்ற அந்தச் சொல்லைச் சுற்றித்தான் கட்டுரையின் கோபம் முழுவதும் அடங்கியிருக்கிறது. குரல் உயர்வதில்லை. யாரையும் வில்லனாக்குவதில்லை. எந்த ஆண்டு, எந்த அமைப்பு, என்ன முடிவு என்று வரிசையாக வைத்துக்கொண்டே போகிறார், கருவியின் அளவுகளை வைப்பதுபோல. உணர்ச்சிச் சொற்களை அள்ளிப்போட்டால்தான் 'நடை' என்று நினைக்கும் நமக்கு இது நல்ல பாடம்.

ஆனாலும் அவர் சொல்வதையெல்லாம் அப்படியே ஏற்கவேண்டியதில்லை. அறக்கட்டளை அதிகாரிகள் முட்டாள்கள் அல்லர். புதிய கண்டுபிடிப்புக்கென்று ஒதுக்கிய பணத்தை ஒரே அளவை ஆண்டுதோறும் எடுப்பதற்குக் கொடுக்கலாமா என்பது நியாயமான கேள்வி. அது வானிலைத் துறை போன்ற அமைப்பின் வேலை என்று அவர்கள் நினைத்ததில் தவறில்லை. 1974இல் அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகம் அதே மலையில் தன் சொந்த அளவீட்டைத் தொடங்கவும் செய்தது. பிறர் கையில் கொடுத்தால் துல்லியம் போய்விடும் என்று கீலிங் அஞ்சினார். அந்த அச்சத்தில் அறிவியல் எவ்வளவு, 'இது என் பிள்ளை' என்ற பற்று எவ்வளவு? கட்டுரை இந்தக் கேள்வியை நெருங்கும்போதெல்லாம் விலகிப்போகிறது. இரண்டும் கலந்திருந்தன என்றே எனக்குப் படுகிறது. அதை ஒப்புக்கொண்டிருந்தால் கட்டுரை இன்னும் வலுப்பெற்றிருக்கும்.

இன்னொரு குறை, மனைவி லூயிஸும் ஐந்து பிள்ளைகளும் கட்டுரையின் ஓரத்திலேயே நிற்கிறார்கள். நிதி எப்போது நிற்குமோ என்ற நிலையில் ஒரு குடும்பம் எப்படி நடந்தது? அறிவியல் இதழுக்கு எழுதியதால் தவிர்த்திருக்கலாம். வாசகருக்கு இழப்புத்தான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் எழுதியவரின் கையில் இல்லை. இதை எழுதியவர் வென்றவர். 2002இல் நாட்டின் தேசிய அறிவியல் பதக்கம் பெற்றார், 2005இல் மறைந்தார், அந்த வரைகோட்டுக்கே 'கீலிங் கோடு' என்று பெயர். மூன்று மாதம் நின்று மறுபடி தொடங்கிய அளவீட்டுக்கு வரலாறு எழுதப்பட்டது. நின்றது நின்றபடியே போன அளவீடுகளை எடுத்த இளம் ஆய்வாளர்கள் தன்வரலாறு எழுதுவதில்லை. கீலிங்கின் கட்டுரையை 'விடாமுயற்சி வெல்லும்' என்பதற்குச் சான்றாக வகுப்பில் வைத்தால் இவர்களை நாம் ஏமாற்றுகிறோம். அவர் விடாமல் முயன்றார், உண்மை. அறக்கட்டளையில் யாரோ ஒருவர் சரியான நேரத்தில் கையெழுத்துப் போட்டார், அதுவும் உண்மை. இரண்டாவது உண்மையை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் சொல்வதைத்தான் நாம் இத்தனை நாளும் 'ஊக்கமூட்டுதல்' என்று அழைத்து வந்திருக்கிறோம்.

இது பழங்கதையும் இல்லை. கீலிங்கின் மகன் ரால்ஃப் அதே ஸ்கிரிப்ஸில் அந்தக் கணக்கைத் தொடர்கிறார். அவரும் பொதுமக்களிடமும் அறநிதிகளிடமும் கையேந்தவேண்டிய நிலை வந்தது. 2022 நவம்பரில் மவுனா லோவா வெடித்தபோது எரிமலைக்குழம்பு சாலையையும் மின்கம்பியையும் துண்டித்தது; அருகிலுள்ள மவுனா கேயாவுக்குக் கருவியைக் கொண்டுபோய் அளந்தார்கள். இயற்கை மறித்தபோது வழி கிடைத்தது. 2025இல் வெளிவந்த அமெரிக்க அரசின் வரவு செலவு முன்மொழிவு, கடல், வளிமண்டல நிர்வாகத்தின் ஆய்வுப்பிரிவையே கலைக்கச் சொன்னது. மவுனா லோவா நிலையமும் அதில் அடக்கம். அதே ஆண்டு மே மாதத்தில் அங்கே அளந்த சராசரி 430ஐத் தாண்டியிருந்தது.

மறுபடி அட்டவணைக்கு வருகிறேன். அந்தக் கோப்பில் வலப்பக்கம் இன்னொரு பத்தி இருக்கிறது. அதில் -99.99 கிடையாது. முன்னும் பின்னும் உள்ள மாதங்களின் போக்கைக் கொண்டு கணக்கிட்டு, விடுபட்ட இடங்களை நிரப்பியிருக்கிறார்கள். 1964 மார்ச்சுக்கும் ஓர் எண் உண்டு, பார்ப்பதற்கு உண்மையான எண்ணைப் போலவே. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. எது அளந்தது, எது நிரப்பியது என்று தனித்தனிப் பத்தியாகவே வைத்திருக்கிறார்கள். மற்ற ஆண்டுகளை ஒருவர் விடாமல் அளந்ததால்தான் இப்படி நிரப்பவும் முடிந்தது. நம் வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரைகளில் அந்த இடப்பக்கப் பத்தியே இல்லை. நிரப்பிய பத்தியை மட்டும் எழுதக் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

ஆசிரியர்கள் இதை வகுப்பில் பயன்படுத்த விரும்பினால் முழுக்கட்டுரையையும் கொண்டுபோகாதீர்கள், மாணவர்கள் ஓடிவிடுவார்கள். பிக் சர் இரவுகளைத் தமிழில் ஒரு பக்கமாகச் சுருக்கிச் சொல்லுங்கள். படிவம் நான்குக்கு அதுவே போதும். படிவம் ஐந்துக்கு 1958, 1964 ஆகிய இரண்டு ஆண்டுகளின் வரிசையை மட்டும் நகலெடுத்துக் கொடுத்து, ஒவ்வொரு இடைவெளிக்கும் ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். 'தடை' என்ற சொல்லைப் பயன்படுத்தக்கூடாது என்பது நான் வைத்த ஒரே விதி. முதல் பதினைந்து நிமிடம் யாரும் எழுதவில்லை.

அந்தப் பின்வரிசை மாணவி அன்று எழுதிக் கொடுத்த பத்தியின் முதல் வாக்கியம், மலைமேல் ஒரு கருவி பழுதில்லாமல் இருந்தும் அதைப் பார்க்க ஆள் இல்லாமல் இருந்தது என்று தொடங்கியது. ஓர் எழுத்துப்பிழை. மற்றபடி நான் சிவப்பு மையைத் தொடவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்தபோது, கடலியல் படிக்கத் திரங்கானு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாமா என்று யோசிப்பதாகச் சொன்னாள். "படிக்கலாம்ல டீச்சர்? ஆனா ஆராய்ச்சிக்குக் காசு யாரு கொடுப்பாங்க?"

படிக்கலாம் என்றேன். அடுத்த கேள்விக்கு அரசு, பல்கலைக்கழகம், நிறுவனங்கள், அறநிதிகள் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எந்த ஆண்டு யார் நிறுத்துவார்கள் என்று யாராலும் சொல்லமுடியாது என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு, 1958 அக்டோபரில் எத்தனை நாள் மின்சாரம் இல்லை என்று அந்தக் கட்டுரையில் போட்டிருக்கிறதா என்று கேட்டாள்.